கணினி நாள் குறிக்கும் முறை



நம் வீடுகளில் திருமணம், காதணி விழா, புதுமனை புகுவிழா முதலிய நற்காரியங்கள் நடைபெறுவதற்கு முன்னர் நாள் குறித்தல் என்னும் வழக்கம் உண்டு. பஞ்சாங்கம் பார்க்கின்றோம், பள்ளி விடுமுறை பார்க்கின்றோம், சம்பள நாளையும் பார்க்கின்றோம். இவ்வாறு பல காரணங்களைச் சீர்தூக்கிப் பார்த்தே ஒரு நாளைத் தெரிவு செய்கின்றோம்.

இம்மலரில் நாம் விளக்க எடுத்துக்கொண்ட செய்தி இதற்கு நேர்மாறானது. எந்தக் காரணமும் பாராமல், எந்த நாளுக்கும் சலுகை காட்டாமல், எந்த நாளையும் ஒதுக்காமல், ஒரு நாளைத் தெரிவு செய்வது எங்ஙனம்? கணினியைக் கொண்டு இதனைச் செய்வது எவ்வாறு? இத்தகைய தெரிவைச் சமவாய்ப்புத் தெரிவு என்பர். ஆங்கிலத்தில் ரேண்டம் என்று வழங்குவது இதுவே. "கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால் போயிற்று; இதற்கு ஒரு கட்டுரையா?" என்று சிலர் நினைக்கக்கூடும். கண்ணை மூடிக்கொள்வது மட்டும் நடுநிலைமை ஆகாது என்பதை இக்கட்டுரை காட்டும்.

இத்தகைய நாள் எதற்குத் தேவை?

பள்ளி மாணவர்களின் பதிவுகளைக் காக்கும் நிரல் ஒன்றை ஒருவர் எழுதுகிறார் எனக் கொள்வோம். அந்நிரல் பிழையின்றி இயங்குகின்றதா என்று சோதிப்பதற்கு ஆயிரம் பிறந்த நாள்கள் தேவைப்படுகின்றன. உண்மையான மாணவர்களின் பிறந்த நாள்களை எடுத்துக் கொடுப்பது முறையன்று. நம் மலேசிய அடையாள அட்டை எண்ணின் 12 இலக்கங்களுள் முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைக் குறிப்பனவாகும். ஆகவே, ஒருவரின் பிறந்த நாளை அயலாரிடம் கொடுப்பது அவருடைய அடையாள எண்ணில் பாதியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். இதனை அறிந்த நிரலாளர்கள் கற்பனையான நாள்களைக் கணினியைக் கொண்டே உண்டாக்கிக்கொள்கின்றனர்.

இதனினும் பொறுப்பு மிகுந்த தேவை ஒன்றும் உண்டு. பலருள் சிலரைக் குலுக்கல் முறையில் தெரிவு செய்ய வேண்டிய வேளைகளில், பிறந்த நாளையே சீட்டாகக் கொள்வது உண்டு. அங்கே பிழை நேர்ந்தால் அது மனிதர் வாழ்வையே தொட்டுவிடும். அவ்வாறு நேர்ந்த வரலாறு ஒன்றை முதலில் காண்போம்.

1969-ஆம் ஆண்டுக் குலுக்கல்

அப்போது வியட்நாமில் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்க அரசாங்கம் தன் நாட்டு இளைஞர்களைக் கட்டாயப் படைச் சேவைக்கு அழைத்து வந்தது. யாரை முதலில் அழைப்பது, யாரைப் பின்னர் அழைப்பது என்பதில் ஓரவஞ்சனை இருத்தலாகாது என்று கருதி, பிறந்த நாள்களைக் குலுக்கி எடுக்க முடிவு செய்தனர். 1944-ஆம் ஆண்டு முதல் 1950-ஆம் ஆண்டு வரையில் பிறந்த ஆடவர்களுக்கான குலுக்கல் அது.

1969-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் இரவு, வாஷிங்டன் நகரில் அந்நிகழ்ச்சி நடைபெற்றது. தொலைக்காட்சியிலும் வானொலியிலும் நாடே அதனைக் கவனித்தது. பிப்ரவரி 29 உட்பட ஆண்டின் 366 நாள்களையும் 366 சீட்டுகளில் எழுதி, ஒவ்வொன்றையும் ஒரு நீலநிறப் பிளாஸ்டிக் குப்பியில் இட்டு, எல்லாவற்றையும் ஒரு பெரிய கண்ணாடிக் கலத்தில் கொட்டியிருந்தனர். முதலில் எடுக்கப்பட்ட குப்பியில் செப்டம்பர் 14 இருந்தது. அந்நாளில் பிறந்தோர் முதல் எண்ணைப் பெற்றனர். இறுதி எண்ணாகிய 366 ஜூன் 8-ஆம் நாளுக்குக் கிடைத்தது. சிறிய எண் பெற்றவர்கள் முதலில் அழைக்கப்படுவர்; பெரிய எண் பெற்றவர்கள் தப்பிவிடுவர். இறுதியில் 195 வரையிலான எண் பெற்றவர்களுக்கே அழைப்புச் சென்றது.

ஒரு குப்பி எப்போது கைக்கு வந்தது என்பதைப் பொறுத்து ஓர் இளைஞன் போர்முனைக்குச் செல்வதா, வீட்டில் இருப்பதா என்பது முடிவாயிற்று. தாய்மார்கள் பலர் அன்றிரவு எந்த மனநிலையில் இருந்திருப்பர் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

பிழை எங்கே நேர்ந்தது?

குலுக்கல் முடிந்த பின்னர், கணக்கறிந்தோர் அம்முடிவுகளை மாத வாரியாக ஆராய்ந்தனர். 1 முதல் 366 வரையிலான எண்களின் சராசரி 183.5 ஆகும். நன்கு கலந்த குலுக்கலாயின் ஒவ்வொரு மாதத்தின் சராசரியும் இந்த எண்ணை ஒட்டியே இருத்தல் வேண்டும். ஆனால், ஜனவரி மாதத்து நாள்கள் பெற்ற எண்களின் சராசரி 201.2 ஆக இருந்தது. டிசம்பர் மாதத்தின் சராசரியோ 121.5 ஆக இருந்தது. டிசம்பரின் 31 நாள்களுள் 26 நாள்கள் 195-க்கு உட்பட்ட எண்களைப் பெற்றிருந்தன. கணக்குப்படி 16 அல்லது 17 நாள்களே அவ்வாறு பெற்றிருக்க வேண்டும். ஆண்டின் பிற்பகுதியில் பிறந்தவர்கள் மற்றவர்களைவிட மிகுதியாக அழைப்புக்கு ஆளாயினர்.

யாரேனும் சூழ்ச்சி செய்தனரோ? இல்லை. குப்பிகளை ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று மாத வரிசையிலேயே பெட்டியில் இட்டனர், பின்னர்க் கலக்கினர், ஆனால் போதிய அளவு கலக்கவில்லை. மாத வரிசையின் சுவடு கலத்தில் எஞ்சி நின்றுவிட்டது. எடுத்த கை நேர்மையானது; ஆயினும் எடுக்கப்பட்ட கலம் சரியாக ஆயத்தம் செய்யப்படவில்லை. 1971-ஆம் ஆண்டில் ஸ்டீபன் ஃபியன்பெர்க் என்னும் புள்ளியியல் அறிஞர் இக்குறையை விரிவாக ஆராய்ந்து எழுதினார்.

அடுத்த குலுக்கல் 1970-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைபெற்றது. இம்முறை நாள்களை ஓர் உருளையிலும், எண்களை மற்றோர் உருளையிலும் இட்டனர். இரண்டையும் உருளையில் இடும் வரிசையே முன்னதாகச் சமவாய்ப்பு முறையில் அமைக்கப்பட்டிருந்தது. ஒவ்வோர் உருளையிலிருந்தும் ஒன்றை எடுத்து, இந்த நாளுக்கு இந்த எண் என்று இணைத்தனர். கலக்குவதில் சிறு குறை நேர்ந்தாலும் மாத வரிசை வெளிப்பட வழியில்லாமற் போயிற்று.

கணினியும் தவறக்கூடும்

"அதெல்லாம் கையால் குலுக்கிய காலம். இப்பொழுது கணினி இருக்கிறது, அது தவறு செய்யாது" என்று நாம் இறுமாந்திருத்தல் கூடாது. கணினி நாம் சொல்வதையே செய்யும். நாம் சொல்லும் முறை கோணலாயின் அதன் விடையும் கோணலாகவே வரும். புதிதாக நிரல் எழுதுவோர் நாள் தெரிவு செய்வதற்குக் கையாளும் தவறான வழிகள் மூன்றினை ஈண்டுக் காண்போம். ஓர் ஆண்டுக்கு 365 நாள்கள் எனக் கொள்வோம்.

முதல் வழி: 1 முதல் 12 வரையில் ஒரு மாதத்தையும், 1 முதல் 31 வரையில் ஒரு தேதியையும் தனித்தனியே எடுத்துச் சேர்ப்பது. இவ்வாறு 12 × 31 = 372 சேர்க்கைகள் கிடைக்கும். ஆண்டிலோ 365 நாள்களே உள்ளன. எஞ்சிய ஏழும் நாள்காட்டியில் இல்லாத நாள்கள். அவை பிப்ரவரி 29, 30, 31. ஏப்ரல் 31, ஜூன் 31, செப்டம்பர் 31, நவம்பர் 31 என்பன. சில நிரல் மொழிகள் பிப்ரவரி 30 என்று கொடுத்தால் மறுப்பதில்லை. அதனை மார்ச் 2 என்று தாமே மாற்றிக்கொள்கின்றன. அதனால் மார்ச் 2-க்கு இரண்டு சீட்டுகள் கிடைத்துவிடுகின்றன. பெரும்பாலான நாள்களுக்கு ஒரு சீட்டுதான். இல்லாத நாள் வந்தால் அதனை எறிந்துவிட்டு, மாதத்தையும் தேதியையும் மீண்டும் புதிதாக எடுத்தால் இக்குறை நீங்கும்.

இரண்டாம் வழி: இத்தொல்லை வேண்டா என்று தேதியை 1 முதல் 28 வரையில் மட்டும் எடுப்பது. இதில் இல்லாத நாள் ஒருபோதும் வாராது. ஆயினும் 12 × 28 = 336 நாள்களே கலத்தில் இருக்கும். எஞ்சிய 29 நாள்களுக்கு வாய்ப்பே இல்லை. 31-ஆம் தேதி பிறந்த பிள்ளையின் சீட்டை எழுதாமலே குலுக்குவது போன்றது இது. மேலும், மாதக் கடைசி நாளில் மட்டும் தலைகாட்டும் பிழைகள் சோதனையில் அகப்படாமல் தப்பிவிடும்.

மூன்றாம் வழி: முதலில் மாதத்தை எடுத்து, பின்னர் அந்த மாதத்திற்குரிய நாள்களுள் ஒன்றை எடுப்பது. இது பார்வைக்குச் சரியாகவே தோன்றும். ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள். பிப்ரவரிக்கும் பன்னிரண்டில் ஒரு வாய்ப்பு. ஜனவரிக்கும் பன்னிரண்டில் ஒரு வாய்ப்பு. பிப்ரவரியின் பங்கை 28 நாள்களும், ஜனவரியின் பங்கை 31 நாள்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆகவே பிப்ரவரி நாள் ஒன்றின் வாய்ப்பு 336-இல் 1. ஜனவரி நாள் ஒன்றின் வாய்ப்பு 372-இல் 1. ஒரே அளவுப் பலகாரத்தை 28 பேர் உள்ள வீட்டுக்கும் 31 பேர் உள்ள வீட்டுக்கும் கொடுத்தால் ஆளுக்குக் கிடைப்பது ஒன்றாகுமா?

நேரிய வழி

நேரிய வழி மிக எளியது. மாதங்களை மறந்துவிட்டு, நாள்களை ஒரே வரிசையில் நிறுத்தி எண்ணிட வேண்டும். வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுப்பது போல, ஒவ்வொரு நாளுக்கும் ஓர் எண். பின்னர் அவ்வெண்களுள் ஒன்றை எடுத்து, அதற்குரிய நாள் எது என்று பார்க்க வேண்டும்.

2013 ஜனவரி 1 முதல் 2019 டிசம்பர் 31 வரையில் ஒரு நாளைத் தெரிவு செய்வோம். இவை ஏழு ஆண்டுகள். 7 × 365 = 2,555. இடையில் 2016 நெட்டாண்டு, அதாவது லீப் ஆண்டு. ஆதலால் ஒன்றைக் கூட்ட வேண்டும். மொத்தம் 2,556 நாள்கள். முதல் நாளுக்கு 0 என்றும், இறுதி நாளுக்கு 2,555 என்றும் எண்ணிடுவோம். கணினி 0 முதல் 2,555 வரையில் ஓர் எண்ணை எடுக்கட்டும். அது 1,000 என்று கொள்வோம். 2013, 2014 ஆகிய ஈராண்டுகளுக்கு 730 நாள்கள் கழிந்தன. மீதி 270. 2015-இல் ஜனவரி முதல் ஆகஸ்டு வரையில் 243 நாள்கள் கழிந்தன. மீதி 27. செப்டம்பர் 1-ஆம் தேதியுடன் 27 நாள்களைக் கூட்டினால் செப்டம்பர் 28. ஆகவே தெரிவான நாள் 2015 செப்டம்பர் 28. ஒவ்வொரு நாளுக்கும் ஒரே ஒரு சீட்டு. எல்லாச் சீட்டும் ஒரே அளவு.

இங்கே இரண்டு இடங்களில் விழிப்புத் தேவை. ஒன்று, எண்ணிக்கை. 10-ஆம் தேதி முதல் 20-ஆம் தேதி வரையில் நாள்தோறும் வேலைக்கு வந்த ஒருவருக்குச் செக்ரோலில் எத்தனை நாள் விழ வேண்டும்? 20-இல் 10-ஐக் கழித்துப் பத்து என்று எழுதினால் உழைத்தவருக்கு ஒரு நாள் கூலி போயிற்று. சரியான விடை 11. நிரலிலும் இவ்வாறே இறுதி நாளை விட்டுவிடும் தவறு அடிக்கடி நேர்கின்றது. மற்றொன்று, நெட்டாண்டு. 4-ஆல் மீதியின்றி வகுபடும் ஆண்டு நெட்டாண்டு. எனினும் 100-ஆல் வகுபடும் ஆண்டு 400-ஆலும் வகுபட்டால்தான் நெட்டாண்டாகும். எனவே 2000 நெட்டாண்டு. 1900-உம் 2100-உம் நெட்டாண்டுகள் அல்ல.

கணினி எங்ஙனம் குலுக்கும்?

கணினிக்குள் சீட்டும் இல்லை, கலமும் இல்லை. அது ஒரு வாய்பாட்டைக் கொண்டே எண்களை உண்டாக்குகின்றது. மாணவர்கள் தாளிலேயே செய்து பார்க்கத்தக்க சிறிய வாய்பாடு ஒன்றைத் தருகின்றோம். ஓர் எண்ணை 5-ஆல் பெருக்குக, 3-ஐக் கூட்டுக, 16-ஆல் வகுத்து மீதியை எழுதுக. அம்மீதியைக் கொண்டு மீண்டும் அவ்வாறே செய்க. 1-இல் தொடங்கினால் 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4, 7, 6 என்று வந்து மீண்டும் 1-க்குத் திரும்பும். 0 முதல் 15 வரையிலான எல்லா எண்களும் ஒருமுறை வந்துவிட்டன; ஆயினும் வரிசை தாறுமாறாகத் தோன்றுகின்றது.

தொடங்கும் எண்ணை விதை என்பர். விதை ஒன்றாயின் விளைச்சலும் ஒன்றே. அதே விதையிட்டால் அதே எண்கள் அதே வரிசையில் வரும். ஆகவே இவற்றைப் போலிச் சமவாய்ப்பு எண்கள் என்பர். நிரலைச் சோதிப்போருக்கு இது நன்மையே. நேற்றுக் கண்ட பிழையை இன்றும் அதே நாள்களைக் கொண்டு காணலாம். ஆனால் பரிசுக் குலுக்கலுக்கு இது தீங்காகும். விதையை அறிந்தவன் விடையையும் முன்னதாகவே அறிந்துவிடுவான். ஆதலால் அத்தகைய பணிகளுக்கு, விசைப்பலகை தட்டப்படும் நேர இடைவெளி போன்ற கணிக்கவியலாத செய்திகளைத் திரட்டி விதை அமைக்கும் முறைகள் உள்ளன.

நடைமுறையில் பயன்படும் வாய்பாடுகள் மிகப் பெரியன. பைத்தான் என்னும் நிரல் மொழியில் வழக்கமாகப் பயன்படும் மெர்சென் டுவிஸ்டர் என்னும் முறையை ஜப்பானிய அறிஞர்கள் மக்கோட்டோ மட்சுமோட்டோ, தக்குஜி நிஷிமுரா ஆகியோர் 1997-ஆம் ஆண்டில் உருவாக்கினர். நம் சிறு வாய்பாடு 16 படிகளில் தொடக்கத்திற்குத் திரும்பியது. அவர்களது வாய்பாடு திரும்புவதற்கு எத்தனை படிகள் ஆகும் என்று எழுதினால், அந்த எண் 6,002 இலக்கங்கள் கொண்டதாக இருக்கும். அத்துணை நீண்டதாயினும், அதுவும் விதையில் முளைத்ததே. மறைபொருள் காக்க வேண்டிய இடங்களுக்கு அதனைப் பயன்படுத்தலாகாது என்பர் வல்லுநர்.

ஒரே நாள் இருமுறை வந்தால்?

கணினி தந்த நாள்களுள் ஒன்று இருமுறை வந்தால் மாணவர்கள் உடனே, "ஐயா, கணினி தவறு செய்துவிட்டது" என்பர். அன்று. ஒரு வகுப்பில் 23 பேர் இருப்பின், அவர்களுள் இருவரேனும் ஒரே நாளில் பிறந்திருக்கும் வாய்ப்புப் பாதிக்குச் சற்று மேல். 23 பேரை இருவர் இருவராக 253 வகையில் இணைக்கலாம் என்பதே இதற்குக் காரணம். எல்லாம் சமமாகப் பரவிக் கிடப்பது சமவாய்ப்பின் இலக்கணம் அன்று. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரே வாய்ப்பு இருப்பதே அதன் இலக்கணம்.

ஒரு நாளும் மீண்டும் வருதலாகாது எனின் வேறு முறை உண்டு. 366 நாள்களையும் எழுதிவைத்து, அவற்றுள் ஒன்றை எடுத்து அடித்துவிடுக. எஞ்சிய 365-இல் ஒன்றை எடுத்து அடித்துவிடுக. இவ்வாறே இறுதிவரை செய்க. 1938-ஆம் ஆண்டில் ரொனால்டு ஃபிஷர், ஃபிராங்க் யேட்ஸ் என்னும் அறிஞர்கள் தங்கள் நூலில் இம்முறையை வகுத்துக் காட்டினர். இன்று கணினிகள் இதனையே சற்று விரைவுபடுத்திச் செய்கின்றன.

நமக்கு இதனால் என்ன பயன்?

தோட்டத்தில் கூட்டுப் பிடிப்போர் பெயர்களைச் சீட்டில் எழுதி, சுருட்டி, டின்னில் போட்டுக் குலுக்குவதை நாம் கண்டிருக்கின்றோம். எல்லாருடைய பெயரும் உள்ளதா என்று ஒருவர் எண்ணிப் பார்ப்பார். சீட்டுகள் ஒரே அளவா என்று மற்றொருவர் பார்ப்பார். "நன்றாகக் குலுக்குங்கள்" என்று பின்னாலிருந்து ஒரு பாட்டி குரல் கொடுப்பார். பள்ளிக்கூடம் காணாத அப்பாட்டி கேட்பதும், 1969-ஆம் ஆண்டுக் குலுக்கலை ஆராய்ந்த அறிஞர்கள் கேட்டதும் ஒரே கேள்விதான்.

இனி வருங்காலத்தில் இத்தகைய தெரிவுகள் பலவும் கணினிக்குள்ளேயே நடைபெறும். அங்கே டின்னும் தெரியாது, சீட்டும் தெரியாது. "கணினி தெரிவு செய்தது" என்ற ஒரு சொல்லோடு பலர் வாயடைத்துப் போவர். நம் பிள்ளைகள் அவ்வாறு நின்றுவிடலாகாது. எல்லாப் பெயரும் உள்ளே இருந்தனவா? எல்லாருக்கும் ஒரே அளவுச் சீட்டா? நன்கு கலக்கப்பட்டதா? விதையை இட்டவர் யார்? இந்நான்கு கேள்விகளையும் பணிவோடும் துணிவோடும் கேட்கத் தெரிந்தவர்களாக அவர்கள் வளர வேண்டும். நிரல் எழுதுபவர்களாகவும் அவர்களே ஆகும்போது, இக்கேள்விகளுக்கு நேரிய விடை கூறத்தக்கவர்களாக இருத்தல் வேண்டும்.

பெற்றோர்களே, பிள்ளைகள் கணினியின் முன் அமர்ந்திருக்கையில் அவர்கள் விளையாடுகின்றனரா, கற்கின்றனரா என்று கேட்பதோடு நில்லாதீர்கள். "நீ எழுதிய நிரலில் மாதக் கடைசி நாள் உள்ளதா?" என்றும் ஒருமுறை கேளுங்கள். அவர்கள் வியந்து உங்களை நிமிர்ந்து பார்ப்பர்.

மாணவர்களே, உங்களுக்கு இரு பயிற்சிகள். 2020 ஜனவரி 1 முதல் 2023 டிசம்பர் 31 வரையில் எத்தனை நாள்கள் என்று எண்ணுங்கள். 1,461 என்று வருமாயின் நீங்கள் நெட்டாண்டை மறக்கவில்லை. அடுத்து, மேலே தந்த வாய்பாட்டில் 3-ஐக் கூட்டுவதற்குப் பதிலாக 4-ஐக் கூட்டி, 1-இல் தொடங்கிச் செய்து பாருங்கள். எல்லா எண்களும் வருகின்றனவா, சில எண்கள் வெளியே நிற்கின்றனவா என்று கண்டுபிடியுங்கள். வெளியே நிற்பவற்றைக் காணும் கண்ணே நடுநிலைமையின் கண்.

கணக்கறிவோடு நடுவுநிலைமையும் வளர்க! நம் பள்ளிச் செல்வங்கள் இரண்டிலும் சிறந்து விளங்குக!